கலன் கட்டப் பணம் உண்டு, அளந்து பார்க்கப் பணம் இல்லை

சிறு அளவு பயோகேஸ் (சாண எரிவாயு), சோலார் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் பாதி. அப்படி நிதி வாங்கிக் கட்டி, பிறகு நின்றுபோன அமைப்புகளைப் போய்ப் பார்ப்பது மீதிப் பாதி. விண்ணப்பத்தில் எது விடுபட்டதோ, பெரும்பாலும் அதுதான் பின்னால் பழுதாக வந்து நிற்கிறது.

போன வாரம் வந்த விண்ணப்பமும் அதே ரகம். பயோகேஸும் சோலாரும் சேர்ந்த சின்ன மின் அமைப்பு, 12 மாதத் திட்டம். சாணத்தைக் கரைத்து ஊற்றி வாயு எடுக்கும் கலன், பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி, தொடக்க விழா, பயிற்சிக் கையேடு என்று எல்லாவற்றுக்கும் தொகை போட்டிருந்தார்கள். வாயு மீட்டருக்கு ஒரு காசு இல்லை. வாயுவில் எரியும் பகுதியான மீத்தேன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவிக்கும் இல்லை. எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். அதனால்தான் ஆற்றாமையாக இருக்கிறது. இதே குறையைத் தனித்தனிக் கடிதங்களில் எழுதி எழுதிச் சலித்துவிட்டது, அதனால் இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

சாதனம் ஓடிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்ற நினைப்புதான் இத்தனைக்கும் வேர். அடுப்பு நீலமாக எரிந்தது, விளக்கு எரிந்தது, படம் எடுத்தாயிற்று, இனி அறிக்கை எழுதலாம் என்று முடித்துவிடுகிறார்கள். சாணத்திலிருந்து வரும் வாயு எரியும் என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. சிலிக்கான் சூரிய மின்கலத்தை பெல் ஆய்வகத்தில் 1954-லேயே சுமார் 6 சதவீதத் திறனோடு காட்டிவிட்டார்கள். எரியுமா, ஓடுமா என்பதைக் கண்டுபிடிக்க இன்று யாரும் நிதி கேட்கத் தேவையில்லை. மூன்றாம் ஆண்டிலும் ஓடுமா, கட்டியவர் போன பிறகு யார் கையில் ஓடும், மழைக்காலத்தில் எவ்வளவு தரும், எந்தப் பாகம் முதலில் போகும்? இவற்றுக்குத்தான் விடை தெரியாமல் இருக்கிறோம். விடை வேண்டுமானால் காலமும் ஆளும் கருவியும் வேண்டும். பட்ஜெட்டைச் சுருக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது இந்த மூன்றும்தான்.

12 மாதக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். முதல் தவணை கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். பள்ளம் தோண்டி, கலன் கட்டி, குழாய் இணைத்து, கசிவு பார்த்து முடிக்க இன்னொரு மூன்று மாதம். ஆக ஆறாம் மாதம். சாணக் கரைசல் கலனுக்குள் தங்கும் காலம் 40 நாள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் நிலைப்பட்டு, வரும் அளவை நம்பலாம் என்று சொல்ல அதைப் போல மூன்று மடங்காவது காத்திருப்பது எங்கள் துறையில் வழக்கம். அது 120 நாள். பத்தாம் மாதம் வந்துவிட்டது. கடைசி இரண்டு மாதம் கணக்கு முடிக்கவும் அறிக்கை எழுதவும் போய்விடும். அளப்பதற்கு எத்தனை நாள் மிஞ்சியது? ஒன்றும் இல்லை. ஆனாலும் அறிக்கையில் 'ஆண்டு சராசரி உற்பத்தி' என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை நம்பி அடுத்தவர் ஒரு கலன் கட்டுவார்.

குறுகிய காலம் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒடிசாவில் நடந்த அடுப்பு ஆய்வைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ரீமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற பொருளியல் ஆய்வாளர்கள், புகை குறைந்த அடுப்பு பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை, புகைக்குழாயைச் சுத்தம் செய்து பராமரிக்கவும் இல்லை. முதல் ஆண்டோடு ஆய்வை முடித்திருந்தால் 'வெற்றி' என்று எழுதி முடித்திருப்பார்கள். எழுதியதில் பொய்யும் இருந்திருக்காது. பின்வந்த ஆண்டுகளுக்கும் பணம் இருந்ததால்தான் உண்மை தெரிந்தது.

இன்னொன்றையும் அடிக்கடி கேட்கிறேன்: "பெரிய ஆலைகளில் எல்லாம் செய்து பார்த்தாயிற்றே, அதைச் சின்னதாக்கினால் போதாதா?" சோலார் பேனலுக்கு இது ஓரளவு பொருந்தும். ஒரு பேனலின் திறனும், அதே பேனல் ஆயிரம் சேர்ந்ததன் திறனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பயோகேஸுக்குப் பொருந்தவே பொருந்தாது. தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிறது. வெப்பம் வெளியேறும் பரப்போ நாலில் ஒன்றாகத்தான் குறைகிறது. அதாவது ஒரு லிட்டர் கரைசலுக்கு வெப்ப இழப்பு இரண்டு மடங்கு. 35 டிகிரி பக்கத்தில் இருக்க விரும்பும் நுண்ணுயிர்களுக்குக் குளிர்காலம் அங்கேயே தகராறைத் தொடங்கிவிடும். பெரிய ஆலையில் இரவும் பகலும் ஆள் இருப்பார், வாயுவோடு கலந்து வரும், இரும்பை அரிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கும் அமைப்பு இருக்கும். சின்னக் கலனில் அதற்கென இரும்புத் துகள் நிரப்பிய ஒரு குழாய் இருந்தால் பெரிது. அதையும் மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாவிட்டால் அந்த வாயுவில் ஓடும் எஞ்சினின் எண்ணெய் அமிலமாகி, உட்பாகங்களை அரித்துவிடும். சிறியதற்கென்றே தனியாக ஆராய்ச்சி வேண்டும்.

விண்ணப்பம் எழுதுபவர்களே, முதலில் உங்கள் எண்களைச் சரிபாருங்கள். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய 25 கிலோ பச்சைச் சாணம் வேண்டும். நாளுக்கு 50 கிலோ போட்டால் 2 கன மீட்டர் வரலாம். அதில் இருக்கும் வெப்பம் சுமார் 12 யூனிட். சிறு எஞ்சினில் ஓட்டி மின்சாரமாக்கினால் இரண்டரை, மூன்று யூனிட் கிடைக்கும், அவ்வளவுதான். 12 யூனிட்டையும் மின்சாரம் என்றே எழுதி அனுப்புகிறார்கள். இதைப் பார்த்ததும் மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர் மேற்கொண்டு பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

அளந்ததையாவது ஒழுங்காக எழுதுங்கள். கலனிலிருந்து வரும் வாயு சூடாகவும் ஈரமாகவும் இருக்கும். 35 டிகிரியில் மீட்டர் 1000 லிட்டர் என்று காட்டினால், நீராவியைக் கழித்து, 0 டிகிரிக்கு மாற்றிச் சொல்லும்போது சுமார் 840 லிட்டர்தான். எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள் என்று எழுதாத எண்ணை வேறு எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது. பதிவேட்டை நிரப்புவதற்கும் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். நான் பார்க்கும் பதிவேடுகளில் மாதம் முழுவதும் ஒரே பேனா மை, ஒரே சாய்வு, தினமும் ஒரே அளவு சாணம், ஞாயிறும் விடுமுறையும் உட்பட. பக்கத்தில் ஒரு கறைகூட இருக்காது. சாணத்தைக் கையால் கரைப்பவர் எழுதும் பதிவேடு அப்படி இருக்காது.

சோலார் பக்கமும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண், பேனலில் உள்ள சூரிய மின்கலம் 25 டிகிரியில் இருக்க, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது ஆய்வகத்தில் எடுத்தது. நல்ல வெயிலில் மின்கலம் 65 டிகிரிக்குப் போகும். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறைகிறது என்று கொண்டால் 14 சதவீதம் போயிற்று, தூசியை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. பேனலின் வெப்பநிலையையும் விழும் ஒளியையும் சேர்த்து அளக்காமல் 'உற்பத்தி குறைந்தது' என்று எழுதினால் காரணம் தெரியவே தெரியாது. அப்புறம், சிறு அமைப்புகளில் பேனலுக்கு முன்னால் சாவது பேட்டரி. திட்டக் காலத்துக்குள்ளேயே ஒரு பேட்டரி மாற்றத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்.

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: காலி செய்த கலனுக்குள் மாணவர்களை இறக்காதீர்கள். உள்ளே போதிய ஆக்சிஜன் இருக்காது, நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கியிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரவில்லையே என்று தைரியம் கொள்ளாதீர்கள். காற்றில் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு அந்த வாசனையை உணரும் சக்தியையே இழந்துவிடும். விறகுச் சில்லிலிருந்து வாயு எடுக்கும் கேசிஃபயர் என்றால் கார்பன் மோனாக்சைடு; அதற்கு நாற்றமே கிடையாது. வாயு எச்சரிக்கைக் கருவி இல்லாத விண்ணப்பம் எதற்கும் நான் ஒப்புதல் எழுதுவதில்லை, இனியும் எழுத மாட்டேன்.

நிதி தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுமை எங்கே என்று கேட்கிறீர்கள், அதனால் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு கலன் வரைகிறார். ஏற்கெனவே கட்டி நிற்பதை இரண்டு ஆண்டு அளக்க விரும்புபவருக்கு உங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. அதற்கு ஒரு கட்டம் போடுங்கள். கடைசித் தவணையைக் கட்டி முடித்ததற்காகக் கொடுக்காமல், இரண்டு ஆண்டுப் பதிவேடு வந்த பிறகு கொடுங்கள். அந்த இரண்டு ஆண்டுக்கும் கலனைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளமும் உதிரி பாகமும் உங்கள் தொகையிலேயே இருக்கட்டும். கருவி கேட்டால் 'ஆடம்பரம்' என்று அடித்துவிடாதீர்கள்.

நின்றுபோன திட்டங்களின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். எந்த மாதம் நின்றது, எந்தப் பாகத்தால் நின்றது, சரிசெய்ய யாரை அழைத்தார்கள், அவர் ஏன் வரவில்லை என்று இரண்டு பக்கம் போதும். அதை எழுதிக் கொடுத்தவருக்கு அடுத்த முறை நிதி மறுக்கப்படாது என்று அறிவிப்பிலேயே எழுத்தில் போடுங்கள். அந்த உறுதி இல்லாமல் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.