பூனைக்கு எதற்கு இனக்கவர்ச்சி?

பூனை சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதைக் குறைக்க செயற்கை ஃபெரமோனைக் காற்றில் கலக்கும் ஒரு கருவி இருக்கிறது. அந்த ஃபெரமோனைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'இனக்கவர்ச்சி மருந்து' என்று எழுதித் தள்ளுகிறார்கள். அதைப் படித்துவிட்டுத் தெரிந்த தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, எங்க பூனைக்குக் கருத்தடை பண்ணியாச்சே, இதை மாட்டினா தெருவுல இருக்கிற கடுவன் எல்லாம் வந்து நிக்காதா?" சொல் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். தப்பு அவள் மேல் இல்லை.

ஃபெரமோன் என்ற சொல்லை 1959இல் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் உருவாக்கினார்கள். கிரேக்கத்தில் சுமந்து செல்வது, தூண்டுவது என்று பொருள்படும் இரண்டு வேர்களின் சேர்க்கை. ஓர் உயிர் உடம்புக்கு வெளியே விட, அதே இனத்து இன்னோர் உயிர் அதை உணர்ந்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் பொருள். இதில் கவர்ச்சி எங்கே வந்தது?

வயலிலிருந்து வந்தது. பெண் அந்துப்பூச்சியின் ஃபெரமோனை வைத்து ஆண் பூச்சியைப் பிடிக்கும் பொறிக்கு 'இனக்கவர்ச்சிப் பொறி' என்று பெயர். அங்கே அது மிகச் சரியான சொல், அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் ஒரு வகைக்கு வைத்த பெயரை மொத்தக் கூட்டத்துக்கும் ஒட்டினால் எப்படி? எறும்பு வரிசையாகப் போவதற்குப் போடும் தடமும் ஃபெரமோன், தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை உசுப்பிவிடுவதும் ஃபெரமோன், இதையெல்லாம் கவர்ச்சி என்றா சொல்வீர்கள்?

பூனை கதவு நிலையில் கன்னத்தைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இது பழகிய இடம்' என்று அது வைத்துவிட்டுப் போகும் அடையாளம் அது. அப்படிக் கன்னம் தேய்த்த இடத்தில் பூனை பெரும்பாலும் மூத்திரம் பீய்ச்சுவதில்லை. அந்தக் கன்னச் சுரப்பின் ஒரு பகுதியைச் செயற்கையாகச் செய்ததுதான் கருவியிலிருந்து காற்றில் கலக்கிறது. சொல்லப்போனால் துணை தேடும் சேதி இருப்பது பீய்ச்சும் மூத்திரத்தில்தான். அதைக் குறைக்க வைக்கும் பொருளுக்குப் போய் இனக்கவர்ச்சி என்று பெயர் வைத்தால் எல்லாம் தலைகீழ்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'மணச்சுரப்பு' என்கிறார்கள். நம் மூக்குக்கு இதில் ஒரு மணமும் தெரியாது, கருவியை மாட்டிவிட்டு வாசனையே வரவில்லையே என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. ஆலையில் செய்ததைச் சுரப்பு என்பதும் ஒட்டவில்லை. 'இயக்குநீர்' என்றால் அது ஹார்மோன், உடம்புக்குள்ளேயே ஓடுவது. நான் 'இனத்தூது' என்று எழுதுகிறேன். இனம் இருக்கட்டும், அது தன் இனத்துக்குள்தான் பேசுகிறது. கவர்ச்சி மட்டும் போகட்டும். தூது விடுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. முகத் தூது, எச்சரிக்கைத் தூது, செயற்கை இனத்தூது என்று எதோடும் சேரும். பிடிக்கவில்லையா, ஃபெரமோன் என்றே எழுதுங்கள், குற்றமில்லை.

அப்புறம் இன்னொன்று, இது சொல் விவகாரத்தைவிடப் பெரிது. 'பூனை சிறுநீர் கழிப்பதைக் குறைக்கும்' என்று மொழிபெயர்க்கிறார்கள். கழிப்பது வேறு, குறியிடுவது வேறு. குத்துக்காலிட்டு மண்ணில் போவது கழிப்பது. நின்றபடி, வாலை நிமிர்த்தி நடுக்கி, பின்னால் சுவரில் பீய்ச்சுவது குறியிடுவது. கருவி குறைப்பது இரண்டாவதை. முதலாவது குறைந்தால் அது நோயாக இருக்கலாம். கடுவன் பூனை மண் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிச் சொட்டுக்கூட வரவில்லை என்றால் மூத்திரப் பாதை அடைத்திருக்கலாம், அதில் உயிரே போகும். 'மருந்து வேலை செய்கிறது' என்று ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்க அந்த ஒரு வரி மொழிபெயர்ப்பு போதும்.