அட்மிஷனுக்கு முன் பார்க்க வேண்டிய கல்லூரித் தகவல்கள்

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் பெற்ற கல்லூரிகள் பாடப்பிரிவு, அனுமதித்த இடங்கள், ஆசிரியர் பட்டியல், கட்டணம் எல்லாவற்றையும் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். 'மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர்' என்ற பெயரில் இருக்கும். 2024-25 முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ. படிப்புகளும் இந்த ஒப்புதலுக்குள் வந்துவிட்டன. விதி இவ்வளவுதான்.

நடைமுறையில் அந்த இணைப்பு பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும். திறந்தால் பழைய ஸ்கேன். என் அக்கா மகளை ஒரு கல்லூரியில் சேர்த்தது அப்படி ஒரு ஆசிரியர் பட்டியலைப் பார்த்துத்தான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார்கள். கேட்டதற்கு பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள் என்றார்கள்; அங்கே போனால் கல்லூரியையே கேளுங்கள் என்றார்கள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கோப்பு எந்தக் கல்வியாண்டுக்கானது என்பதை.

அடுத்தது அங்கீகாரம். நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழு) கிரேடு கல்லூரி முழுவதற்கும் தருவது. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அப்படியில்லை, பாடப்பிரிவு வாரியாகத் தருவது. மெக்கானிக்கலுக்குக் கிடைத்ததை வாசலில் பெரிதாக எழுதிவைத்து, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இருப்பதுபோல் பேசுவார்கள். உங்கள் பிரிவின் பெயரும், அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பதும் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். நாக், என்.பி.ஏ. இரண்டுமே காலாவதியாகக் கூடியவை.

அதிகம் பேர் ஏமாறுவது ப்ளேஸ்மென்டில்தான். ஒரு பிரிவில் 60 பேர் சேர்ந்தார்கள், 25 பேரை மட்டும் 'தகுதியானவர்கள்' என்று கணக்கில் எடுத்தார்கள், அதில் 24 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனரில் 96 சதவீதம் என்று வரும். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 40 சதவீதம்தான். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த விவரங்களைத் தேடி எடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுநிலைச் சம்பளம் (எல்லாச் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். 'ஹையஸ்ட் பேக்கேஜ்' ஒரே ஒரு மாணவரின் சம்பளம். உங்கள் பிள்ளைக்கு உதவும் கணக்கு அந்த நடுநிலைச் சம்பளம்தான். இதுவும் கல்லூரியே எழுதிக் கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் அங்கே இறுதியாண்டு படிக்கும் நான்கு பேரிடம் கேளுங்கள்.

கட்டணத்திலும் கவனம் வேண்டும். படிப்புக் கட்டணத்தை மட்டும் காட்டிவிட்டு, சேர்ந்த பிறகு பஸ், ட்ரெய்னிங், 'இதர' என்று கேட்பார்கள். நான்கு வருடத்துக்கும் சேர்த்து முத்திரையோடு எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.

பணம் கட்டும் அன்றே அந்தப் பக்கங்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள்; பிறகு மாற்றிவிடுவார்கள். கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) இ-சமாதான் தளத்தில் புகார் போடும் நாளில், போனில் சொன்னதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.