பத்து நிமிடத்தில் தேற்றம் சொல்ல முடியாது

போன மாதம் ஒரு கணிதக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்ட கட்டுரைகள், ஐந்து அறைகள், ஆளுக்குப் பத்து நிமிடம். ஓர் ஆய்வு மாணவி ஸ்லைடுகளை ஓட்டி முதல் லெம்மாவுக்கு, அதாவது துணைத் தேற்றத்துக்கு, வந்ததும் மணி அடித்துவிட்டார்கள். கேள்விக்கு நேரமில்லை, கையில் சான்றிதழ்.

டீ வரிசையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கிரேஸ்ஃபுல் லேபிளிங் பற்றிய தேற்றம். புள்ளிகளும் கோடுகளும் கொண்ட படத்தில், புள்ளிகளுக்கு 0 முதல் கோடுகளின் எண்ணிக்கை வரை வெவ்வேறு எண்களைக் கொடுப்பது அது. ஒவ்வொரு கோட்டின் இரு முனை எண்களின் வித்தியாசமே அந்தக் கோட்டின் எண்; கோடுகளின் எண்கள் 1-லிருந்து ஒவ்வொன்றும் ஒருமுறை வர வேண்டும். ஒரே புள்ளியில் ஒட்டிய முக்கோணங்கள் எத்தனை இருந்தாலும் லேபிள் கொடுக்கலாம் என்றார். நோட்டில் இரண்டு முக்கோணங்களை வரைந்தேன். ஆறு கோடுகள், அவற்றில் 1 முதல் 6 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வர வேண்டும். மொத்தம் 21, ஒற்றைப்படை. ஆனால் எந்த முக்கோணத்தைச் சுற்றி வந்தாலும் வித்தியாசங்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படைதான். ஆக, இரண்டு முக்கோணங்களுக்கே லேபிள் கொடுக்க முடியாது. 1967-லேயே கணிதவியலாளர் ரோசா சொன்ன நிபந்தனை இது. அந்தப் பெண் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "உள்ளேயே யாராவது கேட்டிருக்கலாமே சார்" என்றார்.

கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தானே கூடுகிறோம்?

ஐ.எஸ்.பி.என். போட்ட ப்ரொசீடிங்ஸில், அதாவது மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பில், வந்துவிட்டால் அது பப்ளிகேஷன் என்ற நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் போகமாட்டேன் என்கிறது. கணினி அறிவியலில் முன்னணி மாநாடுகளுக்கு வரும் கட்டுரைகளை நடுவர்கள் படித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே மாநாட்டுக் கட்டுரைக்கே மதிப்பு உண்டு. கணிதத்தில் நிரூபணத்தை ஒருவர் உட்கார்ந்து, பல மாதம்கூட எடுத்து, வரிவரியாகச் சரிபார்த்து ஜர்னலில் வந்தால்தான் கணக்கு. ஐ.எஸ்.பி.என். வெறும் புத்தக எண். சமையல் புத்தகத்துக்கும் அது உண்டு. உள்ளே இருக்கும் நிரூபணத்தை யாரோ படித்தார்கள் என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. 'சர்வதேச' என்று பேனரில் போடுவதும் அப்படித்தான்.

ஆண்டுதோறும் கூட்டம் நடத்தும் துறைத் தலைவர்களுக்கு: கட்டுரைகளைக் குறையுங்கள். இருபது போதும். ஆளுக்கு அரை மணி, அதில் பத்து நிமிடம் கேள்விக்கு. கரும்பலகை கட்டாயம். ராமானுஜன் பிறந்தநாளான டிசம்பர் 22-ஐ 2012 முதல் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். எல்லோரும் அதே வாரத்தில் வைத்தால் பேச்சாளர்கள் எங்கே போவார்கள்? வேறு வாரம் பாருங்கள். அடுத்த ஆண்டு எந்தக் கல்லூரி என்பதை இந்த ஆண்டுக் கூட்டம் கலைவதற்குள் முடிவு செய்து, வரவு செலவு, ரசீதுகள், பேச்சாளர் பட்டியல் மூன்றையும் கையோடு ஒப்படைத்துவிடுங்கள். தேசிய உயர்கணித வாரியத்தின் நிதிக்கு விண்ணப்பிப்பதென்றால் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

மாணவர்களே, வழிகாட்டி சொன்னார் என்பதற்காக ஆயிரக்கணக்கில் பதிவுக் கட்டணம் கட்டாதீர்கள். உங்கள் துறையில் வேலை செய்யும் ஒருவராவது அங்கே வருகிறாரா என்று முதலில் பாருங்கள், தயவுசெய்து.

அந்த மாணவி இப்போது தேற்றத்தில் நிபந்தனை சேர்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். நாங்கள் மூன்று கல்லூரிகள் மாற்றி மாற்றி நடத்தும் கூட்டத்தில் அடுத்த முறை அவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.