ப்ளக்இன் ஏறவில்லையா? எக்லிப்ஸை அழிக்காதீர்கள்

ப்ராஜெக்ட் ரிவியூ நெருங்கிவிட்டால் சேலத்துக் கல்லூரி லேபுகளில், நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ப்ளக்இன் பற்றி ஒரே புகார்தான்: "ப்ளக்இன் ஏறல சார். அழிச்சிட்டுத் திரும்பப் போட்டேன், அப்பவும் ஏறல." இந்த வாரம் ஒரு மாணவி வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டரையும் சேர்த்து அழித்துவிட்டார். ப்ராஜெக்ட் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. நிரலை இணையத்தில் சேமித்து வைக்கும் கிட்ஹப்பில் ஒரு வரிகூட இல்லை.

அழித்துத் திரும்பப் போட்டால் சரியாகும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இன்ஸ்டாலர் மூலம் போட்ட எக்லிப்ஸின் ப்ளக்இன்கள் பெரும்பாலும் உங்கள் யூசர் ஃபோல்டரில் .பி2 என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். செட்டிங்குகள் வொர்க்ஸ்பேஸுக்குள் .மெட்டாடேட்டாவில் இருக்கும். எக்லிப்ஸ் ஃபோல்டரை மட்டும் நீக்கினால் இவை இரண்டும் அப்படியே நிற்கும். கணினியில் உள்ள ஜாவாவும் மாறாது, இணையத்துக்குப் போகும் வழியில் நிற்கும் கல்லூரி ப்ராக்ஸியும் மாறாது. காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும்போது பிழை எங்கே போகும்?

முதலில் வொர்க்ஸ்பேஸைக் காப்பி எடுங்கள். பிறகு .மெட்டாடேட்டாவுக்குள் இருக்கும் .லாக் ஃபைலைத் திறந்து, கடைசிப் பிழையில் 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகளில் அடியில் இருப்பதைப் படியுங்கள். திரையில் வரும் சிவப்புப் பெட்டியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் யாராலும் உதவ முடியாது.

அந்த வரியில் 65.0, 61.0 என்று எண்கள் இருந்தால் சிக்கல் ஜாவாவில். ப்ளக்இன் ஜாவா 21-க்கு (65.0) எழுதியது, உங்கள் எக்லிப்ஸ் ஓடுவதோ 17-இல் (61.0). ப்ராஜெக்ட்டின் கம்பைலர் லெவலை மாற்றிப் பயனில்லை. அது உங்கள் நிரலுக்கு மட்டும். எக்லிப்ஸ் எந்த ஜாவாவில் ஓடுகிறது என்பதை ஹெல்ப், அபவுட், இன்ஸ்டலேஷன் டீடெய்ல்ஸ், கான்ஃபிகரேஷன் என்று போய்ப் பாருங்கள். மாற்ற வேண்டிய இடம் எக்லிப்ஸின் செட்டிங் ஃபைலான எக்லிப்ஸ்.ஐஎன்ஐ. -விஎம் ஒரு வரியில், ஜாவாவின் பாதை அடுத்த வரியில், இரண்டும் அந்த ஃபைலில் உள்ள -விஎம்ஆர்க்ஸ் வரிக்கு மேலே. கீழே போட்டால் எக்லிப்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. பத்தில் ஒன்பது பேர் தடுக்குவது இங்கேதான்.

'பிகேஐஎக்ஸ்' என்று வந்தால் அது தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய பிழை; பெரும்பாலும் இடையில் ப்ராக்ஸியோ ஆன்ட்டிவைரஸோ சான்றிதழை மாற்றுகிறது. லேப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், செக்யூரிட்டியை நீங்களே அணைக்காதீர்கள். 'ரிக்வயர்டு ஐட்டம்ஸ்' கிடைக்கவில்லை என்றால், உங்கள் எக்லிப்ஸ் வெளியீட்டுக்குப் பொருந்தாத அப்டேட் சைட்டை, அதாவது ப்ளக்இன் இறங்கும் இணைய முகவரியை, கொடுத்திருப்பீர்கள். ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் எக்லிப்ஸை வைக்காதீர்கள்; எழுத அனுமதி கிடைக்காது.

ஏற்காட்டில் ஹாட்ஸ்பாட் வைத்துப் போடுகிறவர்களுக்குப் பாதியில் அறுந்துகொண்டே இருக்கும். கீழே சேலத்தில் நல்ல லைன் கிடைக்கும்போது அப்டேட் சைட்டின் ஜிப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் நியூ சாஃப்ட்வேரில் ஆட், ஆர்க்கைவ் என்று கொடுத்து அந்த ஜிப்பைத் தேர்ந்தெடுங்கள். 'கான்டாக்ட் ஆல் அப்டேட் சைட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். தேவையான துணைப் பகுதிகளும் அந்த ஜிப்பில் இருந்தால் நெட் இல்லாமலே ஏறும்.

ஏறிய பிறகு எக்லிப்ஸ் திணறினால் அதே இன்ஸ்டலேஷன் டீடெய்ல்ஸில் ஹிஸ்டரி இருக்கிறது. முந்தைய நாளைத் தேர்ந்தெடுத்து ரிவர்ட் கொடுங்கள். இவ்வளவுக்கும் முன்னால், தயவுசெய்து, இன்று இரவே கிட் புஷ் செய்து ப்ராஜெக்ட்டைக் கிட்ஹப்பில் ஏற்றிவிடுங்கள் கண்ணுகளா.