255 எழுதிய இடத்தில் 239

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வாரம் ஒரு வேலை கொடுப்பேன். பழைய கணினி ஒன்றின் ரேமில் ஒரு பகுதி முழுவதையும் 255 என்ற எண்ணால் நிரப்ப வேண்டும். பிறகு, அதற்கு வெளியே இரண்டு முகவரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். எதையும் எழுதக் கூடாது. கடைசியில் நிரப்பியதைச் சரிபார்க்க வேண்டும். சென்ற முறை வந்த மாணவி மூன்று நாட்கள் தன் நிரலையே நொந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் 239 இருந்தது. 255இல் 16 போனால் 239. அதாவது, எட்டு பிட்டுகளில் ஒன்றே ஒன்று 1இலிருந்து 0 ஆகியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் திரையை விட்டுவிட்டு, செருகியிருந்த ரேமை நிமிர்ந்து பார்த்தார்.

இதற்கு ரோஹேமர் என்று பெயர். ரேமில் ஒரு பிட் என்பது நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசியும் என்பதால் 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். ஆனால் பிட்டுகள் வரிசை வரிசையாக இருப்பதால், ஒரு முகவரியைப் படிக்க அதன் வரிசையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பக்கத்து வரிசையின் மின்னூட்டம் சற்றே அலைக்கழிகிறது. அந்த 64 மில்லி வினாடிக்குள் ஏறத்தாழ 13 லட்சம் முறை திறந்து மூடலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 129 ரேம்களில் 110இல் பிட்டுகள் புரண்டன. மிக பலவீனமான ஒன்றுக்கு 1,39,000 முறையே போதுமாக இருந்தது. படித்ததைச் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சிறு நினைவகமான கேஷ் குறுக்கே நின்று காப்பாற்றாதா என்று கேட்பார்கள். கேஷிலிருந்து ஒரு முகவரியை வெளியேற்றும் கட்டளையை இன்டெல், ஏஎம்டி செயலிகளில் சாதாரண நிரலே கொடுத்துவிடலாம். 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் இதைக் கொண்டே லினக்ஸ் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக் காட்டினார்கள்.

"எங்கள் சர்வரில் பிழைதிருத்தும் ரேம்தான்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். நல்லதுதான். வாங்கும்போது அதையே வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அது தனி பிட்டைத் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கும். சரியான மூன்று பிட்டுகள் ஒன்றாகப் புரண்டால் ஏமாறலாம். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2018இல் இதைச் செய்தே காட்டினார்கள். திருத்துவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும் அல்லவா, அந்தத் தாமதத்தை அளந்து எந்தெந்த பிட் புரளும் என்று முதலில் ஒவ்வொன்றாக வேவு பார்த்தார்கள். வேவு பார்க்கும் அந்தக் கட்டத்தில் சர்வரின் பதிவேட்டில் விழக்கூடியது "பிழை திருத்தப்பட்டது" என்ற வரிதான்.

ஒரு நிறுவனத்தில் அந்த வரிகளைப் பற்றிக் கேட்டேன். எச்சரிக்கை அஞ்சல்கள் தொல்லையாக இருந்ததால் தனியே ஒரு கோப்புறைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் யாரும் திறக்கவில்லை. திறந்து பார்த்தபோது தாக்குதல் எதுவும் இல்லை, ஒரு ரேம் பழுதாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தாக்குதலாக இருந்திருந்தாலும் அதே கோப்புறைக்குத்தான் போயிருக்கும்.

ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86இல் ரோஹேமருக்கென்றே ஒரு சோதனை உண்டு. அதில் தேறிவிட்டது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். ரோஹேமருக்கு எதிரான பாதுகாப்பு சேர்க்கப்பட்டிருந்த டிடிஆர்4 தலைமுறை ரேம்கள் 42இல் 13இல், திரும்பத் திரும்பத் திறந்து மூடும் வரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டியே 2020இல் ஆய்வாளர்கள் பிட்டுகளைப் புரளவைத்தார்கள். பதிவேட்டில் திருத்தப்பட்ட பிழைகளை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) வாரியாகப் பாருங்கள். ஒரே ஸ்லாட்டில் சீராக ஏறினால் அந்த ரேமை மாற்றுங்கள். திடீரென ஏறி, குறிப்பிட்ட ஒருவரின் நிரல் ஓடும்போது மட்டும் ஏறினால், ரேமைக் கழற்றுவதற்கு முன் அந்த நிரலைப் பாருங்கள்.