டெண்டர் திறந்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது

மாநகராட்சி ஒப்பந்தத்தில் முறைகேடு என்று செய்தி வந்தால், பேச்சு முழுக்க டெண்டரைச் சுற்றியே இருக்கும். எத்தனை பேர் போட்டார்கள், குறைந்த விலை சொன்னவர் யார், அவர் யாருக்குச் சொந்தம். கேட்க வேண்டிய கேள்விகள்தான், மறுக்கவில்லை. ஆனால் நகர நிர்வாகங்களின் ஒப்பந்தக் கோப்புகளைத் தணிக்கை செய்வது என் தொழில். டெண்டர் நாளில் ஒரு கோப்பு எப்படி இருந்தது என்பதைவிட, கடைசி பில் பாஸான நாளில் எப்படி இருந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். எல்லாருடைய கண்ணும் எங்கே இருக்கிறது என்பது தவறு செய்ய நினைப்பவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கங்களை அவர் சுத்தமாகத்தான் வைத்திருப்பார்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பணம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் வேலை. மதிப்பீட்டில் இரண்டே இனங்கள்: சாதாரண மண் 1,000 கன மீட்டர், பாறை 20 கன மீட்டர். முதல் ஒப்பந்ததாரர் மண்ணுக்குக் கன மீட்டருக்கு 90, பாறைக்கு 3,000 என்று விலை போடுகிறார். மொத்தம் 1,50,000. இரண்டாமவர் மண்ணுக்கு 130, பாறைக்கு 1,200. மொத்தம் 1,54,000. வேலை முதலாமவருக்குப் போகிறது. விதிப்படி சரிதான். டெண்டர் திறப்பதை நேரலையில் காட்டினாலும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

இப்போது வேலை நடக்கிறது. மண் 800 கன மீட்டர்தான், பாறை 220 என்று, நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவாகிறது. முதலாமவருக்குச் சேரும் தொகை 7,32,000. இதே அளவுகளுக்கு இரண்டாமவரின் விலைப்படி கொடுத்திருந்தால் 3,68,000 போதும். குறைந்த விலைக்காரர் என்று தேர்வானவர், தோற்றவருக்குக் கொடுத்திருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்கிவிட்டார்.

பாறை அதிகம் வரும் என்று அவருக்கு முன்பே எப்படித் தெரிந்தது? மண் பரிசோதனை அறிக்கையை உள்ளே இருப்பவர் யாராவது காட்டியிருக்கலாம். பாறையே இல்லாமல் புத்தகத்தில் மட்டும் ஏறியிருக்கலாம். அந்தப் பகுதியில் பல வருஷம் தோண்டிய அனுபவத்தில் சரியாக ஊகித்திருக்கவும் கூடும், அது குற்றமில்லை. மூன்றில் எது என்று கோப்பை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பள்ளத்தை மூடிய பிறகு என்னாலும் முடியாது. தணிக்கை வந்து சேர்வது எப்போதும் மூடிய பிறகுதான். பாறையின் அளவு பதிவாகும் அன்றே அது வெளியே தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரரே எட்டிப் பார்த்து “இங்கே ஏதய்யா பாறை?” என்று கேட்டுவிடுவார்.

அதனால் ஒரு நகர நிர்வாகம் வெளிப்படையாக இருக்கிறதா என்று பார்க்க, டெண்டர் அறிவிப்பு இணையத்தில் இருக்கிறதா என்று நான் தேடுவதில்லை. அதை இன்று பெரும்பாலும் எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். இன வாரியான விலை வெளியாகிறதா, அல்லது மொத்தத் தொகை மட்டுமா? வேலை நடுவில் போட்ட திருத்த ஆணைகளும் கூடுதல் பணி உத்தரவுகளும் காரணத்தோடு இருக்கின்றனவா? ஒவ்வொரு பில்லுக்கும் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரிகிறதா? இந்த மூன்றும் இல்லாத இடத்தில் டெண்டர் அறிவிப்பு வெறும் விளம்பரம்.

கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். கியூபெக் மாகாண அரசு 2011இல் அமைத்த ஷார்பனோ ஆணையத்தின் முன்னால் கட்டுமான நிறுவனங்களின் முதலாளிகளும் நகரத்தின் பொறியாளர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பங்கு போட்டிருந்தன. ஜெயிக்க வேண்டியவரைவிடக் கொஞ்சம் கூடுதல் விலையில் மற்றவர்கள் டம்மி டெண்டர் போட்டார்கள். அந்த விலை அதிகம் என்று தோன்றாமலிருக்க, நகரத்தின் மதிப்பீட்டையே உள்ளே இருந்தவர்கள் ஊதிப் பெருக்கினார்கள். வேலை தொடங்கிய பிறகு பொய்யான கூடுதல் பணிகளும் பாஸாயின. காகிதத்தில் பார்த்தால் போட்டி டெண்டர், பல நிறுவனங்கள், மதிப்பீட்டுக்குள் அடங்கிய விலை. எல்லாம் சரி!

ஒப்பந்தத்தை வெளியிடச் சொன்னால் அதிகாரிகள் இழுத்தடிப்பார்களே என்று கேட்பீர்கள். இழுப்பார்கள்தான். ஸ்லோவாக்கியா இதற்கு ஒரு வழி கண்டது. 2011 ஜனவரி முதல் அங்கே அரசு அமைப்புகளும் நகராட்சிகளும் போடும் ஒப்பந்தம், இணையத்தில் வெளியான மறுநாள்தான் நடைமுறைக்கு வரும். மூன்று மாதத்துக்குள் வெளியிடவில்லை என்றால் ஒப்பந்தமே போடப்படவில்லை என்று ஆகிவிடும். சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பொது விதி இதுதான். இதில் அதிகாரியின் நல்ல மனசை யாரும் நம்ப வேண்டியதில்லை. பணம் வரவேண்டிய ஒப்பந்ததாரரே “எப்போது ஏற்றுவீர்கள்?” என்று அலுவலகத்துக்கு நடையாய் நடப்பார். நான் படித்த கொள்முதல் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

உக்ரைனின் புரோசோரோ இணையதளமும் சொல்லத்தக்கது. 2015இல் சோதனையாகத் தொடங்கி, 2016 ஆகஸ்டில் நாட்டின் அரசுக் கொள்முதல்களுக்குக் கட்டாயமானது. ஏலம் முடிந்ததும் ஜெயித்தவர், தோற்றவர் எல்லாருடைய விலையையும் ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தோற்றவர் உட்கார்ந்து ஜெயித்தவரின் காகிதத்தைப் படிக்கும் உன்னிப்போடு எந்தத் தணிக்கையாளரும் படிக்க மாட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் எப்போதும் வெளியிட்டுவிடலாமா? இங்கேதான் என் துறைக்காரர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். டென்மார்க்கின் போட்டி ஆணையம் 1993இல், விலை குறையும் என்ற நல்லெண்ணத்தோடு, தயார்நிலைக் கான்கிரீட் (ரெடிமிக்ஸ்) நிறுவனங்கள் உண்மையில் விற்ற விலைகளை வெளியிடத் தொடங்கியது. ஒரே வருஷத்துக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது. யார் எவ்வளவு தள்ளுபடி கொடுக்கிறார் என்று போட்டியாளர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், விலையைக் குறைக்க யாருக்கும் துணிச்சல் வராது. குறைத்தவரை மற்றவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா?

டெண்டரிலும் இதே சிக்கல் உண்டு. ஆவணம் வாங்கியவர்களின் பட்டியலைக் கடைசித் தேதிக்கு முன்பே வெளியிட்டால், யாரிடம் பேசி முடிக்க வேண்டும் என்ற விலாசத்தை, தங்களுக்குள் பேசிவைத்து விலை போடும் சிண்டிகேட்டின் கையில் நாமே கொடுத்ததாகிவிடும். எனவே விலைகள் வந்து சேரும்வரை யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பது ரகசியமாகவே இருக்கட்டும். திறந்த நொடியிலிருந்து எல்லாமே வெளியே வரட்டும். நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாக இருக்கிறது. முன்னால் எல்லாருக்கும் தெரிகிறது, பின்னால் யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு அலுவலகங்கள் இரண்டு விலை கொடுத்திருந்தால் உடனே “ஊழல்” என்று எழுதிவிடாதீர்கள். இத்தாலிய அரசு அமைப்புகள் காகிதம், கணினி போன்ற சாதாரணப் பொருள்களை வாங்கிய விலைகளை மூன்று பொருளியலாளர்கள் ஒப்பிட்டு 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வீணான பணத்தில் 83 சதவீதம் யாருடைய பைக்கும் போகவில்லை, வாங்கத் தெரியாமையாலும் அக்கறையின்மையாலும் விதிகளின் சிக்கலாலும் போனது என்பது அவர்கள் கணக்கு. என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். திருடனைவிட, பழைய மதிப்பீட்டை அப்படியே நகலெடுத்துத் தேதி மாற்றும் சோம்பேறியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விலைகள் பொதுவில் இருந்தால் இரண்டு பேருமே மாட்டுவார்கள். ஆனால் நேர்மையான அதிகாரியைத் திருடன் என்று கத்தினால், அடுத்த முறை அவர் கோப்பைக் காட்டவே பயப்படுவார்.

தகவல் கேட்டுப் பெறும் உரிமை உங்கள் ஊரில் இருந்தால், நான் சொல்வது இதுதான்: “ஒப்பந்தத்தின் நகல் வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். அது கிடைத்துவிடும், அதில் ஒன்றும் இருக்காது. மதிப்பீட்டில் இருந்த அளவு, கடைசி பில்லில் இருந்த அளவு, இன வாரியாக இரண்டையும் கேளுங்கள். திருத்த ஆணைகளையும் அவற்றில் ஒப்புதல் கொடுத்த தேதிகளையும் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்புதல் வாங்கிய திருத்தம் இருந்தால், முதலில் அங்கே விரல் வையுங்கள். அப்புறம், ஒப்புதல் வரம்புக்கு (பெரிய டெண்டர் இல்லாமல் அனுமதிக்கக்கூடிய தொகைக்கு) சற்றுக் கீழே ஒரே நாளில் ஒரே பகுதிக்குப் போட்ட துண்டு வேலைகள். பெரிய டெண்டரைத் தவிர்க்கப் பிரித்துப் போட்டிருக்கலாம். அடுத்தடுத்த எண்ணில் வேலை ஆணைகள் வந்தாலே தெரிந்துவிடும்.

கேட்டதெல்லாம் கொடுத்தாலும் ஒரு தடை இருக்கும். டெண்டருக்கு ஒரு எண், வேலை ஆணைக்கு வேறு எண், பில்லுக்கு இன்னொரு எண். மூன்றும் ஒரே வேலைதான் என்று வெளியில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. திறந்த ஒப்பந்தத் தரவுத் தரநிலை என்று 2014இல் வந்த ஒரு முறை, திட்டமிடலிலிருந்து கடைசிப் பணம் கொடுப்பதுவரை ஒரே அடையாள எண்ணை வைக்கச் சொல்கிறது. மென்பொருள் மாற்றவோ சட்டம் திருத்தவோ காத்திருக்க வேண்டாம். பில்லின் மேல்மூலையில் டெண்டர் எண்ணையும் எழுத வேண்டும் என்று ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நாளையே தொடங்கிவிடலாம்.