லைசென்ஸ்: உரிமமா, உரிமையா?

1980களில் வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டு எழுதி விற்றவர்கள் கையெழுத்திட்ட தாள்களில் லைசென்ஸ் என்னும் சொல் ஒரே பொருளில் வரவில்லை. கணினியைச் செய்த நிறுவனம், தன் கணினிக்கு விளையாட்டு வெளியிட மற்றவருக்குத் தரும் இசைவை அது குறித்தது. அந்நிறுவனத்தின் இயக்க முறைமைக் கோப்புகளை விளையாட்டு வட்டிலேயே சேர்த்து விற்பதற்கான இசைவையும், விளையாட்டை வாங்கியவர் அதைத் தம் வீட்டில் இயக்கிப் பார்ப்பதற்கான இசைவையும் அதே சொல்லே குறித்தது. தமிழில் எழுதும்போது இவை எல்லாவற்றையும் 'உரிமை' என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சொற்பிழை மட்டுமன்று, பொருட்பிழையும் ஆகும்.

இச்சொல்லின் வேர் இலத்தீன். 'செய்ய இசைவு உண்டு' என்று பொருள்படும் லிகேரே என்னும் வினையிலிருந்து லிகென்தியா என்னும் பெயர் பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து லைசென்ஸ் ஆயிற்று. ஓய்வு நேரத்தைக் குறிக்கும் லெஷர் என்னும் ஆங்கிலச் சொல்லும் அதே வினையிலிருந்து கிளைத்ததுதான். ஆக, இசைவு என்பதே இச்சொல்லின் உயிர். உடைமை என்னும் பொருள் தொடக்கம் முதலே அதில் இல்லை. இந்தியச் சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தன் 52ஆம் பிரிவில், ஒருவருடைய அசையாச் சொத்தில், இசைவு இல்லாவிட்டால் சட்டத்துக்கு மாறாகிவிடும் செயலொன்றைச் செய்ய இன்னொருவருக்குத் தரப்படுவதையே லைசென்ஸ் என்கிறது. அதைப் பெற்றவர் அந்த நிலத்தில் நடக்கலாம். அதனால் நிலம் அவருடையதாகிவிடாது. மென்பொருளுக்கும் இதை மனத்தில் வைத்துப் படிப்பது பெரிதும் உதவும்.

தமிழில் 'உரி' என்னும் அடி, ஒன்று ஒருவருக்குத் தக்கதாகவும் சொந்தமாகவும் இருப்பதைக் குறிக்கும். உரியவர், உரிமை ஆகியவை அதன் பழைய கிளைகள். உரிமம் என்பது ஆட்சித்தமிழுக்காக ஆக்கப்பட்ட புதிய கிளை. ஓட்டுநர் உரிமம் என்னும் வழக்கால் தமிழ்நாட்டில் இன்று அது எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. ஈறு மாறியதால் பொருளும் பயனுள்ள வகையில் பிரிந்தது: உரிமை ஒருவரிடம் இருப்பது, உரிமம் உரிமையுடையவர் மற்றொருவருக்குத் தருவது. 'வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்' என்னும் 518ஆம் குறளில், உரிமை என்பது ஒரு வினைக்கு ஒருவருக்குள்ள தகுதியைக் குறிக்கிறது. தகுதியை ஆராய்வது முதலில், உரியவனாக்குவது அதன் பின்னர் என்னும் அந்த வரிசை, விளையாட்டு உருவாக்குநர்களைப் பதிவு செய்து அதன்பின் உரிமம் வழங்கிய நிறுவனங்களின் நடைமுறையோடு பொருந்துவதைப் பார்க்கும்போது, 'உரி' என்னும் அடியைத் தேர்ந்தவர்கள் நன்றாகவே தேர்ந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உரிமத்தின் பொருளை நன்கு காட்டும் வரலாறு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-99/4ஏ கணினியுடையது. 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அக்கணினியில் விளையாட்டுகள் பெரும்பாலும் செருகுபெட்டிகளாக, அதாவது கார்ட்ரிட்ஜுகளாக விற்கப்பட்டன. அந்நிறுவனமே செய்த க்ரோம் என்னும் தனிவகை நினைவகச் சில்லு அதன் பெட்டிகளில் இருந்தது. வெளியார் அதைத் தவிர்த்து, சாதாரண ரோம், அதாவது படிக்க மட்டும் இயலும் நினைவகச் சில்லு மட்டும் வைத்த பெட்டிகளைச் செய்து, யாரிடமும் உரிமம் கேளாமல் விற்றனர். 1983இல் வந்த கணினிகள் சிலவற்றில் இயக்க நிரலை நிறுவனம் மாற்றியது. ரோம் மட்டும் உள்ள பெட்டிகளை அவை கண்டுகொள்ளவே இல்லை. தாளில் எழுதியிருக்க வேண்டிய ஓர் இசைவு சில்லுக்குள் பூட்டாக ஏறிவிட்டது. கடையில் பணம் கொடுத்து விளையாட்டுப் பெட்டியை வாங்கியவர் அதற்கு முழு உரிமையாளர். ஆயினும் அவருடைய சொந்தக் கணினியே அதை ஏற்க மறுத்தது. உரிமைக்கும் உரிமத்துக்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதே 1983 அக்டோபரில், வீட்டுக் கணினித் தொழிலிலிருந்தே விலகுவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

கமோடோர் 64, சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஆகிய கணினிகளுக்கு இத்தகைய பூட்டு இல்லை. நிரலை ஒலிநாடாவில் பதிந்து எவரும் விற்கலாம். அட்டாரி நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. பயனர்கள் எழுதிய நிரல்களை 1981 முதல் தன் நிரல் பரிமாற்றகத்தின் வழியாகத் தானே வெளியிட்டு, எழுதியவர்களுக்கு விற்பனையில் பங்கு கொடுத்தது. அங்கே உரிமம் எதிர்த்திசையில் சென்றது: வழங்குநர் எழுத்தாளர், பெறுநர் நிறுவனம். எழுத்தாளருக்கு வந்த பங்கை உரிமைத்தொகை என்று எழுதுவதுதான் சரி, ஏனெனில் அது எழுதியவரின் உரிமைக்கு ஈடாக வருவது.

பதிவு என்னும் சொல்லை உரிமத்தோடு கலக்கக் கூடாது. அமிகா கணினிகளின் காலத்தில் கமோடோர் நிறுவனத்திடம் உருவாக்குநராகப் பதிந்துகொண்டவருக்குத் தொழில்நுட்ப ஆவணங்களும் ஐயங்களைக் கேட்டறியும் வழியும் கிடைத்தன. அமிகாவின் இயக்க முறைமையைச் சேர்ந்த வொர்க்பெஞ்ச் கோப்புகளைத் தம் வட்டில் சேர்த்து விற்க வேண்டுமானால் அதற்கு உரிமம் பெற வேண்டியிருந்தது. பதிவு 'இவர் யார்' என்பதை ஏட்டில் ஏற்றுகிறது; உரிமம் 'இவர் எதைச் செய்யலாம்' என்பதை வரையறுக்கிறது. 'பதிவுபெற்ற உருவாக்குநர்', 'உரிமம்பெற்ற உருவாக்குநர்' என்னும் இரண்டையும் ஒன்றாக எண்ணி மொழிபெயர்த்தால், ஒப்பந்தத்தில் இல்லாத இசைவு இருப்பதுபோல் தோன்றிவிடும். டெவலப்பர் என்பதற்குச் சிலர் மேம்படுத்துநர் என்று எழுதுகிறார்கள். முன்பே இருப்பதைச் சீர்செய்பவர்தான் மேம்படுத்துநர். இல்லாத விளையாட்டை ஆக்குபவரை உருவாக்குநர் என்பதே தகும்.

இலங்கைத் தமிழில் ஓட்டுநர் உரிமத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் என்பதே வழக்கு. வடமொழியிலிருந்து வந்த சொல்லாயினும், இலத்தீன் வேரிலுள்ள இசைவு என்னும் பொருளை அனுமதி நேராகவே தாங்கி நிற்கிறது; அதைக் குறைவாக மதிப்பதற்கில்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் என்பது தாளின் பெயர். மென்பொருளுக்குத் தாளே இல்லாதபோதும் இசைவு உண்டு என்பதாலும், வழங்குநர், பெறுநர், உள்ளுரிமம் (உரிமம் பெற்றவர் பிறருக்குத் தருவது), தனியுரிமம் (ஒருவருக்கு மட்டுமே தருவது) என்று சொற்களை எளிதாகக் கிளைக்க விடுவதாலும், இத்துறைக்கு உரிமமே ஏற்றது என்பது என் முடிவு. பேட்டன்டுக்கும் காப்பிரைட்டுக்கும் ஒருசேர வழங்கப்படும் காப்புரிமை என்னும் சொல்லை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். நூலுக்கும் நிரலுக்கும் உரியது பதிப்புரிமை.

விளையாட்டு வட்டுகளின் உறைகளில் அச்சிடப்பட்ட நிபந்தனையை இச்சொற்களைக் கொண்டு எழுதினால் இவ்வாறு அமையும்: 'இம்மென்பொருளின் பதிப்புரிமை வெளியீட்டாளருக்கே உரியது, வட்டு, அதை வாங்கியவருக்கு உடைமையாகிறது, வட்டிலுள்ள நிரலை ஒரு கணினியில் இயக்குவதற்கு மட்டும் அவருக்கு உரிமம் வழங்கப்படுகிறது.'